ஊருணிக்கு ஏன் இரண்டு படித்துறை?

தம்பி,

நேற்று நீ ஜெயித்துவிட்டாய். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்லி வைத்துவிடுவாய். உன்னிடம் நான் தோற்றுப்போன கதையை முழுசாகச் சொல்ல அந்த நேரம் போதாது. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிய கை இது. ஓய்வு பெற்ற பிறகு மளிகைச் சீட்டையும், உனக்காக நான் எழுதித் தந்த அந்த மன்னிப்புக் கடிதத்தையும் தவிர வேறெதுவும் எழுதவில்லை. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். நீ இன்னொருத்தியின் பேச்சைக் கேட்கத் தொடங்குவதற்கு முன்னால், அம்மா பேச்சைக் கேட்காமல் போனதற்காக உன்னைப் பாராட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். காபி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் நீர்வளம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். நம் கரிசல் காட்டில் நின்றுகொண்டு நீர்வளம் என்று பாடம் நடத்துவதற்கே ஒரு தைரியம் வேண்டும். பிள்ளைகளிடம் உங்கள் ஊரில் என்னென்ன நீர்நிலை இருக்கிறது என்று கேட்டாய். கண்மாய், கிணறு, ஊருணி என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அப்போதுதான் முத்துலட்சுமி எழுந்து, "சார், நம்ம ஊருணிக்கு மட்டும் ஏன் ரெண்டு படித்துறை?" என்று கேட்டாள். நாற்பது பிள்ளைகளும் மூச்சு விடவில்லை என்று நீ சொன்னாய். விட்டிருக்க மாட்டார்கள். அந்த ஊருணித் தண்ணீரை இப்போது யாரும் குடிப்பதில்லை. குழாயும் கேன் தண்ணீரும் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஆனால் வடக்கே ஒரு படித்துறை, தெற்கே ஒரு படித்துறை, இரண்டும் அப்படியே கிடக்கின்றன. எந்தத் தெருக்காரர்கள் எதில் இறங்கினார்கள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் "இது பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

நீ திருப்பவில்லை. வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, பெயர் போடாமல் ஒரு தாளில் எழுதி வாருங்கள் என்று சொன்னாய். மறுநாள் அந்தத் தாள்களையெல்லாம் கலைத்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவர் வாசிக்கும்படி செய்தாய். ஒன்று ஆம்பளைகளுக்கு, ஒன்று பொம்பளைகளுக்கு என்று ஒரு தாளில் இருந்தது. ஒன்று மனுசருக்கு, ஒன்று மாட்டுக்கு என்று இன்னொன்றில். தெரியாது என்று பாதிக்கு மேல். "உங்க வாத்தியாருக்கு வேற வேல இல்லையா" என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னதை ஒரு பிள்ளை அப்படியே எழுதி வந்திருந்தது. அதை வாசித்தபோது வகுப்பே சிரித்தது, நீயும் சிரித்தாய். பிறகு அவர்களை அழைத்துக்கொண்டு ஊருணிக்கே போனாய். வடக்கே செதுக்கின கல்லில் பத்தொன்பது படி, தண்ணீர் வரைக்கும். தெற்கே ஒழுங்கில்லாமல் போட்ட கருங்கல் ஐந்து, அதற்குக் கீழே வெறும் சேறு. பிள்ளைகளே எண்ணினார்கள். மாட்டுக்குத்தான் தெற்குப் படி என்றால் மாடு இறங்கத் தோதாகச் சரிவாக அல்லவா விட்டிருப்பார்கள் என்று ஒரு பையன் கேட்டானாமே. திரும்பி வந்து பேசும்போது ஒரே ஒரு சட்டம் போட்டாய். "நீங்க", "நாங்க" என்ற இரண்டு வார்த்தையும் கூடாது. அந்தச் சட்டத்தைக் கேட்டபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் எனக்கு அது தோன்றவில்லையே.

ஆனால் பொறாமையைவிடப் பயம் பெரிதாக இருந்தது. மறுநாள் காலையில் ஏழெட்டுப் பேர் தலைமையாசிரியர் அறைக்கு வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் தங்கவேலு, உன் வகுப்புக் கார்த்தியின் அப்பா. இனிமேல் பாடப் புத்தகத்தைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டேன், நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று நீ எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் ஊர் சேர்ந்து மேலிடத்துக்கு மனுப் போட்டு உன்னை மாற்றச் சொல்வோம் என்றார்கள். உன் தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும் நல்ல மனிதர். எழுதிக் கொடுத்துவிடுங்கள் தம்பி, வெள்ளிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டு வாசித்து முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். எழுதினால் அந்த நாற்பது பிள்ளைகளும் இனி வாயைத் திறக்க மாட்டார்கள். எழுதாவிட்டால் நீ எங்கோ போக வேண்டும், போன பிறகும் அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

அதனால் உனக்கு வேலை வைக்காமல் நானே எழுதினேன். ஒன்றரைப் பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல், என் நல்ல கையெழுத்தில். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது சாப்பாட்டுக்கு முன்னால் அதை எடுத்து நீட்டினேன். நீ முழுவதும் வாசித்தாய். ஒரு இடத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டாய். "நல்லாத்தாம்மா எழுதியிருக்க. ஆனா நான் செஞ்சது தப்புன்னா முத்துலட்சுமி கேட்டதும் தப்பாகிரும்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாய். அன்றைக்கு இருந்த கோபத்தில் உனக்குக் குழம்பு ஊற்றாமல் ரசத்தை மட்டும் ஊற்றினேன். நீ ஒன்றுமே சொல்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது, உன் அப்பாவுக்கும்கூட. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எனக்கு. உதவித்தொகைக்குத் தகுதியான பிள்ளைகளின் பட்டியல் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று ஒருநாள் மேலிருந்து ஆள் வந்தது. சேர்க்கைப் பதிவேடு இரும்பு பீரோவுக்குள் இருந்தது. பீரோச் சாவி பெரிய சார் பையில் இருந்தது. பெரிய சார் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். வகுப்பில் நின்றுகொண்டு, இன்னின்ன பிள்ளைகள் எழுந்திருங்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். பாண்டீஸ்வரி என்று ஒரு பிள்ளை மட்டும் எழவில்லை. பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சும்மா விட்டிருக்கலாம். மறுநாள் சாவி வந்ததும் பார்த்து எழுதியிருக்கலாம். "ஏம்மா, நீயும்தான? ஒனக்குப் பணம் வேணாமா?" என்று கேட்டேன். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவள் எழுந்தாள். அதுவரைக்கும் எந்தக் கேள்வி கேட்டாலும் முதல் கை அவளுடையது. அந்த வருடம் முடியும்வரை அந்தக் கை அப்புறம் மேலே வரவே இல்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவேளை வந்திருக்கும். டீச்சர் போய் மாணவியிடம் மன்னிப்புக் கேட்பதாவது என்ற திமிர் எனக்கு. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடமும் தப்பான பாடம். பேசியதால்தான் வினை, இனி அதைப் பற்றிப் பேசவே கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டேன். வகுப்பில் மட்டும் இல்லை, வீட்டிலும். உனக்குப் பத்து வயது இருக்கும். காரியாபட்டியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாய். விளையாடப் போன இடத்தில் ஒரு பெரிய பையன் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டிருக்கிறான். நீ "நாங்க டீச்சர் ஆளுக" என்று சொல்லியிருக்கிறாய். எல்லோரும் சிரித்தார்கள் என்று அழுகையோடு வந்து, "அம்மா, நாம என்ன ஆளுக?" என்று என்னைக் கேட்டாய். நான் கையில் இருந்த கரண்டியை ஓங்கி, அந்தப் பேச்சு இந்த வீட்டில் வரக் கூடாது என்றேன். அதைப் பெரிய கொள்கை என்று நினைத்து அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். நீ மறுநாளே முடிவெட்டும் கடையில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டாய் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். நான் சொல்லியிருந்தால் பக்குவமாகச் சொல்லியிருப்பேன். கடையில் எப்படிச் சொன்னார்களோ, எதையெல்லாம் சேர்த்துச் சொன்னார்களோ.

வெள்ளிக்கிழமை நான் வருவது உனக்குத் தெரியாது. பத்து மணி பஸ்ஸைப் பிடித்தேன். பையில் அந்தக் கடிதமும் ஒரு பேனாவும் இருந்தன. நிலைமை மோசமானால் உன் காதைத் திருகியாவது கையெழுத்து வாங்கிவிடுவது என்றுதான் வந்தேன். ஒன்பதாம் வகுப்பு அறையிலேயே கூட்டம். பெஞ்சுகளில் பெற்றோர், பிள்ளைகள் சுவரோரம் தரையில். நான் கடைசி பெஞ்சில் பொம்பளைகளோடு உட்கார்ந்துகொண்டேன். யாரோ ஒரு பிள்ளையின் உறவு என்று நினைத்துத் தள்ளி இடம் கொடுத்தார்கள். நீ என்னைப் பார்த்துவிட்டு ஒரு நொடி திகைத்ததைப் பார்த்தேன்.

தங்கவேலு பேசினார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துங்கள், ஊர் விவகாரத்தை ஊர் பார்த்துக்கொள்ளும், ஆறிப்போன புண்ணைப் பிள்ளைகளை வைத்துக் கீற வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் பாதிக்கு என் தலையே ஆடியது. நீ ஏதாவது பிரசங்கம் செய்து காரியத்தைக் கெடுத்துவிடுவாயோ என்று பையில் இருந்த பேனாவை எடுத்து வைத்துக்கொண்டேன். நீ நிதானமாக எழுந்து, "அய்யா சொல்றது நியாயம்தான். ஆனா நாளைக்கும் ஒரு பிள்ள இதையே கேட்டா நான் என்ன பதில் சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க. அதையே சொல்றேன்" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாய். உட்கார்ந்தாயே, அதுதான் கெட்டிக்காரத்தனம். நான் நின்றுகொண்டே இருந்திருப்பேன்.

கூட்டத்தில் ஒருவர், தெரியாது என்று சொல்லிவிடுங்கள் சார், முடிந்தது என்றார். அப்போதுதான் சுவரோரத்திலிருந்து கார்த்தி எழுந்தான். உன்னைப் பார்த்துப் பேசவில்லை, அவன் அப்பாவைப் பார்த்துப் பேசினான். "அப்பா, நான் கேட்டப்ப நீங்களும் தெரியாதுன்னுதான் சொன்னீக. தெரியாததுக்கு ஏம்ப்பா இவ்வளவு கோவப்படுறீக?" தங்கவேலு எழுந்தார். பையன் இன்றைக்கு அடி வாங்கப் போகிறான் என்றே நான் நினைத்தேன். நீயும் நினைத்திருப்பாய், எழுந்து இரண்டு எட்டு முன்னால் வந்தாய்.

அவர் அடிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார். "தெரியும்டா. வடக்குப் பக்கம் தண்ணி எடுக்க வந்தவுகளக் கம்பெடுத்து வெரட்டுனதுல எங்க அய்யாவும் ஒருத்தரு. என்னத் தோள்ல தூக்கி வளத்த மனுசன். அதை எப்படிடா ஓங்கிட்டச் சொல்றது?"

தம்பி, அந்த அறையில் அதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ கூட்டம் பார்த்தவள் நான், அப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. என் பக்கத்தில் பருத்திக்காட்டுக்குப் போகிற வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை மெதுவாக எழுந்தாள். அவள்தான் முத்துலட்சுமியின் அம்மா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நானும் எம்மககிட்டத் தெரியாதுன்னுதாண்ணே சொன்னேன். வெரட்டுனாகன்னு சொன்னா அது தல குனிஞ்சு பள்ளிக்கூடம் வருமேன்னு சொல்லல" என்றாள். அவள் அழவில்லை. தங்கவேலுவைப் பார்த்தேதான் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எதற்காகக் கும்பிட்டார் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று இரண்டு தெருவும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறது. ஒருவருக்கு அவமானம், இன்னொருவருக்கு வலி. இதில் பிள்ளைகள் மட்டும்தான் தாளும் பேனாவுமாக வீடு வீடாக அலைந்திருக்கிறார்கள். உன் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எழுதி வாங்க ஒன்றும் இல்லை, வகுப்பு வழக்கம்போல் நடக்கும் என்றார். தங்கவேலு ஒன்று மட்டும் கேட்டார், எங்க அய்யா பேரு வகுப்புல வர வேணாம் சார் என்று. "யாரு பேரும் வராதுண்ணே" என்று நீ சொன்னாய். அவ்வளவுதான். மனு இல்லை, மாற்றல் இல்லை. பையில் இருந்த கடிதத்தை அங்கேயே நாலாகக் கிழித்தேன். பக்கத்தில் இருந்த பெண் அது என்ன என்று கேட்டாள், பழைய மளிகைச் சீட்டு என்றேன்.

நீ ஜெயித்தது எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அதை மறைக்கப் போவதில்லை. ஆனாலும் அம்மா என்று ஒருத்தி கடிதம் எழுதிவிட்டுப் புத்தி சொல்லாமல் முடித்தால் நன்றாக இருக்காது. திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் கார்த்தியின் முகத்தைப் பார். வீட்டில் அடி வாங்கினானா என்று நேராகக் கேட்காதே, பார்த்தாலே உனக்குத் தெரியும். இந்த விஷயத்தைப் பேசும்போது உன் கண் எந்த ஒரு பிள்ளை மேலும் போய் நிற்கக் கூடாது. என் கண் ஒரு தடவை நின்றது, அதற்குத்தான் இத்தனை வருடம் நான் வெந்துகொண்டிருக்கிறேன். பேச மாட்டேன் என்று ஒரு பிள்ளை தலையைக் குனிந்தால் விட்டுவிடு, அதுவும் ஒரு பதில்தான். மணி அடிக்கப் போகிற நேரத்தில் இப்படிப்பட்ட பேச்சை ஆரம்பிக்காதே. பாதியில் எழுந்து போகிற பிள்ளை அந்தப் பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகும். தெரியாததைத் தெரியாது என்று சொல், தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லாதே.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருநாள் ஒரு பிள்ளை எழுந்து, "சார், ஒங்க ஊர்ல ஒங்க வீட்டுக்காரவுக எந்தப் படித்துறையில இறங்குனாக?" என்று கேட்கும். முத்துலட்சுமியே கேட்டாலும் கேட்பாள், அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. கரண்டியை ஓங்கி உன்னை விரட்டினேனே, அன்றைக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்றைக்குச் சொல்கிறேன். நல்ல படித்துறையில்தான் இறங்கினோம். நம் ஊரிலும் இன்னொரு படித்துறை இருந்ததை நாங்கள் பார்த்ததாகக்கூட நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கேட்கிற பிள்ளையிடம் இதை மறைக்காமல் சொல்லு. தங்கவேலுவால் சொல்ல முடிந்ததை உன்னால் சொல்ல முடியாதா?

கூட்டம் முடிந்து உன்னிடம் வந்து ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டேன் என்று ராத்திரி போனில் வருத்தப்பட்டாய். உன்னைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள், அதற்குள் நுழைய எனக்கு மனசு வரவில்லை. ரோட்டுக்கு வந்து அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். பரளச்சி தாண்டிய பிறகுதான் கவனித்தேன், எனக்கு முன் சீட்டில் தங்கவேலு. டவுனுக்கு ஏதோ லோடு ஏற்றப் போகிறார் போல. அவருக்கு ஒரு போன் வந்தது. கூட்டத்தில் என்ன ஆச்சு என்று அந்தப் பக்கம் யாரோ கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் உம் கொட்டினார். பிறகு, "எம்மவன் எந்திரிச்சுக் கேட்டுட்டான்யா. அத்தன பேரு மத்தியில. எங்க அய்யாகிட்ட நான் ஒருநாளும் அப்படிக் கேட்டது இல்ல" என்றார். திட்டுகிறாரோ என்று காதைத் தீட்டினேன். "பயமே இல்லய்யா அவனுக்கு. ஆமா, அந்த வாத்தியாரு வகுப்புத்தான்" என்று சொல்லும்போது பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்கிற மாதிரி அவர் குரல் ஏறிப் போயிருந்தது.

அவர் போனை வைக்கும்வரைதான் என்னால் பொறுக்க முடிந்தது. அவர் தோளைத் தட்டி, "அந்த வாத்தியாரு எம்மகன்தான்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். ஒரு தடவை சொன்னது எனக்குப் போதவில்லை. டிக்கெட் கிழித்துக் கொடுக்க வந்த கண்டக்டரிடமும் சொன்னேன்.

அம்மா